பட்டாளம் போனபின் பாக்கி என்ன?

“துருக்கியனும் குர்துவும் எங்கேயோ அடித்துக்கொள்கிறார்கள்; அமெரிக்கப் பட்டாளம் அங்கே இருந்தால் என்ன, எழுந்து போனால் என்ன? மணமேல்குடிக் கடைத்தெருவில் அதைப் பேசி ஆகப்போவது என்ன?” என்று கேட்போர் உண்டு. கேட்பவர்களை நாம் குறை கூறவில்லை. விடியுமுன் கடலுக்குப் போய், டீசல் விலைக்கும் மீன் விலைக்கும் நடுவே நசுங்கித் திரும்புகிறவனுக்கு உலக அரசியல் ஊருக்குப் புறம்பான சங்கதியாகத்தான் தெரியும். ஆனால் மணமேல்குடிக் கரையில் பிறந்தவன் இக்கேள்வியைக் கேட்கும்போது, நமக்குச் சிரிப்பும் வருகிறது, சிந்தையும் கனக்கிறது.

ஏனெனில், இந்தக் கரையிலிருந்து தென்கிழக்கே படகைச் செலுத்தினால் எதிர்ப்படுவது நெடுந்தீவு, அதற்கப்பால் யாழ்ப்பாணம். இங்கிருந்து மேற்கே திரும்பினால் அறந்தாங்கி. அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை. அங்கே ஈழத்திலிருந்து ஓடிவந்த தமிழர்களின் முகாம் இருக்கிறது. லேனாவிளக்கில் ஒன்று, தோப்புக்கொல்லையில் ஒன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே மூன்று முகாம்கள். அயல்நாட்டுப் பட்டாளம் ஒன்று வந்தது, இருந்தது, போனது. போனபின் நிகழ்ந்தவற்றின் கணக்கு அந்த முகாம்களின் பதிவேடுகளிலும் ஏறியிருக்கிறது. குர்துக்கு நேர்ந்ததைப் பேசுவது நம் வீட்டுக் கணக்கைப் புரட்டுவதற்காகத்தான்.

முதலில் அவர்கள் கதையைப் பார்ப்போம்.

குர்துகள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள். தனி மொழி உண்டு, தனிப் பண்பாடு உண்டு, தொடர்ச்சியான தாயகம் உண்டு. தனி நாடு ஒன்றுதான் இல்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியா என்ற நான்கு நாடுகளின் எல்லைக் கோடுகள் அந்தத் தாயகத்தின் முதுகில் கீறப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் துருக்கிப் பேரரசு வீழ்ந்த பிறகு, 1920 ஆகஸ்ட் 10 அன்று பாரிசு நகருக்கருகே செவ்ர் என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. குர்துகளுக்குத் தன்னாட்சி தருவோம், உலக நாடுகள் சங்கம் ஒப்பினால் தனி நாடாகவும் ஆகலாம் என்று அதில் எழுதினார்கள். மூன்றாண்டு ஆகவில்லை. 1923 ஜூலை 24 அன்று லோசான் நகரில் வேறோர் உடன்படிக்கை. அதிலே தன்னாட்சி இல்லை. தனி நாடு இல்லை. குர்து என்ற பெயர்கூட இல்லை!

காகிதத்தில் இருந்த மக்கள் காகிதத்திலிருந்தே காணாமற் போனார்கள். ஆனால் ஒன்று மட்டும் காணாமற் போகவில்லை. மொசூல் பகுதி யாருக்கு என்ற வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1926-இல் பிரிட்டனும் இராக்கும் துருக்கியும் கூடிப் பேசி முடித்தார்கள்: நிலம் இராக்குக்கு, எண்ணெய் வருவாயில் நூற்றுக்குப் பத்து, 25 ஆண்டுகளுக்குத் துருக்கிக்கு. மறு ஆண்டே கிர்க்கூக் அருகே எண்ணெய் பீறிட்டது. அந்த நூற்றுக்குப் பத்துக்கு எழுத்து இருந்தது, கையெழுத்து இருந்தது, காலக்கெடு இருந்தது. அந்த மண்ணில் உழுது வாழ்ந்தவனுக்கு ஏது எழுத்து?

தோழர்களே, இதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

துருக்கிக் குடியரசில் குர்து என்று ஓர் இனமே கிடையாது என்றார்கள். அவர்களெல்லாம் ‘மலைத் துருக்கியர்’, மலையில் வாழ்ந்து மொழி மறந்தவர்கள் என்று பாடம் சொன்னார்கள். 1983-இல் குர்து மொழிக்குத் தடை போட ஒரு சட்டமே செய்தார்கள். 1991 வரை அது உயிரோடிருந்தது. அந்த ஆண்டு லெய்லா சானா என்ற குர்துப் பெண்மணி தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். துருக்கி மொழியில் உறுதிமொழி எடுத்தார். முடிவில் குர்து மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். துருக்கியரும் குர்துகளும் உடன்பிறப்புகளாக வாழவேண்டும் என்பதுதான் அதன் பொருள். அவைக்குள்ளே கூச்சல், வெளியே வழக்கு. 1994-இல் வேறு குற்றங்களைச் சுமத்தி 15 ஆண்டுச் சிறை விதித்தார்கள். தாய்மொழிக்காகச் சிறை சென்றவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நமக்கு, அந்த அம்மையாரின் குற்றம் என்னவென்று விளக்கவும் வேண்டுமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். துருக்கித் தொழிலாளி குர்துத் தொழிலாளிக்குப் பகைவனல்லன். 1984-இல் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி ஆயுதம் தூக்கிய நாளிலிருந்து மாண்டவர்கள் சுமார் 40,000 பேர் என்கிறார்கள். அதில் இரு தரப்பு ஏழைகளின் பிள்ளைகளும் உண்டு. குண்டு இனம் பார்ப்பதில்லை. குண்டை ஏவும் கொள்கைதான் இனம் பார்க்கிறது.

இனி அயல்நாட்டுப் பட்டாளத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட ஈரானில் சோவியத் துருப்புகள் இருந்தன. அந்த நிழலில், 1946 ஜனவரியில் மகாபாத் என்ற ஊரில் குர்துகள் ஒரு குடியரசை அறிவித்தார்கள்; காசி முகம்மது தலைவரானார். நிழல் தந்த மரம் நடந்துபோகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஏப்ரலில் ஈரான் சர்க்காரோடு சோவியத் ஒரு பேச்சு முடித்தது: கூட்டு எண்ணெய்க் கம்பெனி. மே மாதத்தில் துருப்புகள் வெளியேறின. டிசம்பரில் ஈரான் இராணுவம் மகாபாத்தில் நுழைந்தது. 1947 மார்ச் 31 அன்று, எந்தச் சதுக்கத்தில் குடியரசை அறிவித்தாரோ அதே சதுக்கத்தில் காசி முகம்மது தூக்கிலிடப்பட்டார். அந்த எண்ணெய்க் கம்பெனியை ஈரான் நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது என்பது தனிக் கதை. தூக்குக் கயிற்றை யாரும் நிராகரிக்கவில்லை.

1975-இல் வேறு மேடை, அதே நாடகம். இராக் குர்துகளுக்கு ஈரானின் ஷா ஆயுதம் கொடுத்தார், அமெரிக்கா பணம் கொடுத்தது. மார்ச் 6 அன்று அல்ஜியர்சில் ஷாவும் சதாம் உசேனும் ஆற்றெல்லைத் தகராறைத் தீர்த்துக் கைகுலுக்கினார்கள். அத்தோடு குர்துகளுக்கு வந்த உதவி நின்றது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரின்மேல் சதாமின் விமானங்கள் நச்சுப் புகையைக் கொட்டின. சுமார் 5,000 பேர் மடிந்தார்கள். அன்று உலக வல்லரசுகளின் வாய்க்குப் பூட்டு.

பிறகு சிரியா. ‘இஸ்லாமிய அரசு’ என்று பெயர் சூட்டிக்கொண்ட கொலைப்படை 2014-இல் கொபானி நகரைச் சூழ்ந்தபோது, ஆணும் பெண்ணுமாக நின்று எதிர்த்தவர்கள் குர்துகள். அமெரிக்கா வானத்திலிருந்து குண்டு போட்டது. தரையில் உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள். குர்துகள் முன்னின்று நடத்திய சிரிய ஜனநாயகப் படைகள், அந்தப் போரில் இழந்த தம் போராளிகளைச் சுமார் 11,000 பேர் எனக் கணக்குச் சொன்னன. இதில் அரபுத் தோழர்களும் அடக்கம். 2019 மார்ச்சில் அக்கொலைப்படையின் கடைசி நிலமும் வீழ்ந்தது. வேலை முடிந்தது. வேலை முடிந்தபின் கூலிக்காரனை முதலாளி எப்படிப் பார்ப்பான் என்பது நம் தொழிலாளத் தோழர்களுக்குத் தெரியாததா?

அந்த அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் எல்லையிலிருந்த தம் துருப்புகளை விலக்கினார். அக்டோபர் 9 அன்று துருக்கிப் படை எல்லை தாண்டிற்று. படையெடுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘அமைதி ஊற்று’! கிட்டத்தட்ட இரண்டு லட்சம் மக்கள் சட்டி பானையோடு வீதிக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், நார்மண்டியில், குர்துகள் எங்களுக்கு உதவவில்லையே என்று டிரம்ப் பேசினார். நன்றி மறப்பதற்கும் ஒரு சரித்திர ஞானம் வேண்டியிருக்கிறது பாருங்கள்! பின்வாங்கிச் சென்ற அமெரிக்க வண்டிகள்மேல் காமிஷ்லி நகர மக்கள் உருளைக்கிழங்கை எறிந்தார்கள். துப்பாக்கி தூக்கத் தெரிந்த மக்கள், போகிறவன்மேல் கிழங்கைத்தான் எறிந்தார்கள்.

அப்படியானால் எல்லாத் துருப்பும் போய்விட்டதா? இல்லை. கொஞ்சம் பேரை நிறுத்திவைத்தார்கள். எதற்காக? டிரம்பே மூடுமந்திரமின்றிச் சொன்னார்: எண்ணெய்க் கிணறுகளைக் காக்க!

மொசூலின் நூற்றுக்குப் பத்து, மகாபாத்தின் கூட்டுக் கம்பெனி, சிரியாவின் கிணறு. பட்டாளம் போகிறபோது மக்களுக்குச் சொன்ன வாக்கைத் துடைத்துவிட்டுப் போகிறது. எண்ணெய்க்கு எழுதிய வாக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறது. அமெரிக்காவும் ருஷ்யாவும் பிரிட்டனும் அப்படித்தான், நம் நாடு அப்படியல்ல என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல நமக்கும் ஆசைதான். சொல்ல முடிகிறதா, பார்ப்போம்.

இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். 1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழன் உடைமையும் உயிரும் எரிந்தன. இதெல்லாம் நம் தோழர்கள் மேடைதோறும் பேசியவை, நாடறிந்தவை; விரிக்கவில்லை. மணமேல்குடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். பாண்டியன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியபோது எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் புராணம் சொல்லும். அந்த அரசனுக்கு அமைச்சராயிருந்தவர் அவர். கதையோ, நடந்ததோ, அதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அரியணை ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்துவிட்டால் மறு தரப்புக்கு என்ன கதி என்பதை இந்த ஊரின் பழங்கதையே சொல்லி வைத்திருக்கிறது.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அதற்கு இட்ட பெயர் ‘பூமாலை’. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற சிங்களக் கடற்படை வீரன் ஒருவன் இந்தியப் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். சிங்களத் தீவிரவாதம் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்புக் கொடுக்கும் என்பதற்கு வேறு முன்னறிவிப்புத் தேவையில்லை.

இந்திய அமைதிகாப்புப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மக்கள் மாலை போட்டார்கள். இதை மறைக்கக் கூடாது. ‘நம்மவர் வந்துவிட்டார்’ என்று தாய்மார்கள் தண்ணீர் மோந்து கொடுத்தார்கள். ஆகஸ்டில் புலிகள் ஆயுதம் ஒப்படைக்கும் சடங்கு பலாலியில் நடந்தது. செப்டம்பர் 15 அன்று திலீபன் நல்லூரில் உண்ணாவிரதம் தொடங்கினான். தண்ணீரும் அருந்தாமல் 26 அன்று மாண்டான். அக்டோபரில் ‘பவன்’ என்ற பெயரில் போர் தொடங்கிற்று. ஜூனில் வானத்திலிருந்து சோறு விழுந்தது. அக்டோபரில் அதே வானத்திலிருந்து ஹெலிகாப்டர் வழியே சிப்பாய்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. அக்டோபர் 21, தீபாவளி நேரம், யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்தது. மருத்துவர், தாதியர், ஊழியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள்.

சிப்பாயைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. அவனும் ஏழை வீட்டுப் பிள்ளை. மாதச் சம்பளத்தை ஊருக்கு மணியார்டர் அனுப்பியவன். தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டும் அங்கே இருந்தது. உச்ச காலத்தில் சுமார் 80,000 பேரை அனுப்பி, 1,100-க்கும் மேற்பட்டவர்களைப் பிணமாக்கிய கொள்கையைத்தான் கேட்கிறோம்: யாருக்காக இந்தப் போர்?

யாருக்காக என்பதை ஒப்பந்தமே சொல்கிறது. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் சில உண்டு. நம் மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சு குறைவு. தமிழருக்கு மாகாண சபை, வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணம், தமிழும் ஆட்சிமொழி என்பவை ஒப்பந்தத்தில். திரிகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் விடக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீர்செய்து நடத்தவேண்டும் என்பவை கடிதத்தில்.

எண்ணெய்த் தொட்டி! ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னோமே, அது இதற்குத்தான்.

நம் ஊர்ப்புறத்தில் பங்காளிகள் வரப்புத் தகராறில் அடித்துக்கொள்வார்கள். பஞ்சாயத்துக்குப் பெரிய வீட்டுக்காரர் வருவார். இளைத்தவனுக்கு நியாயம் பேசுவதாகத்தான் தொடங்குவார். பேச்சு முடிந்து பத்திரம் எழுதும்போது, கிணற்றிலே பெரிய வீட்டுக்கு ஒரு முறைத் தண்ணீர் என்று ஒரு வரி ஏறியிருக்கும். வரப்பு நிலைக்குமோ நிலைக்காதோ, அந்தத் தண்ணீர் முறை தலைமுறைக்கும் நிலைக்கும்.

1988 நவம்பரில் வடகிழக்கு மாகாணத் தேர்தல் நடந்தது. ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1989 ஜனவரியில் இலங்கையில் பிரேமதாசா பதவியேற்றார். ஜூலை 29-க்குள் இந்தியப் படை போகவேண்டும் என்று கெடு வைத்தார். புலிகளோடு பேசினார், இந்தியப் படையையும் அதன் துணையணிகளையும் எதிர்க்க அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். கொழும்பும் புலிகளும் ஒரே குரலில் ‘இந்தியாவே வெளியேறு’ என்றார்கள். தில்லி என்ன செய்தது? போகும்போது தன்னை நம்பியவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று, ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என ஒன்றை அவசர அவசரமாகத் திரட்ட விட்டது. தெருவில் போன இளைஞர்களையும் பள்ளிப் பையன்களையும் பிடித்துப்போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அதைச் செய்த இயக்கமும் தமிழ் இயக்கம்தான். இந்தியப் படை விலக விலக, அந்தப் பையன்களை வேட்டையாடியவர்களும் தமிழர்தாம். இதைச் சொல்லும்போது நம் எழுதுகோல் கூசத்தான் செய்கிறது. ஆனால் பிடிபட்ட பையனின் தாய்க்கு எந்தக் கொடியின் பெயரால் சமாதானம் சொல்வது?

1990 மார்ச் 1 அன்று பெருமாள் மாகாண சபையில் ஈழப் பிரகடனத் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேற்றிய கையோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். மார்ச் 24 அன்று திரிகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பிற்று. ஏறத்தாழ 32 மாதம் இருந்த படை போய்விட்டது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு என்றார்கள். அன்று தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருந்த கலைஞர் அதற்குச் செல்லவில்லை. என்ன ஏச்சு, என்ன பேச்சு! தேசத்துரோகம் என்றார்கள், தேள் கொட்டியதுபோல் துள்ளினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தவர்களுக்காக ஒரு முதலமைச்சர் வீட்டில் இருந்தது துரோகமா? மறு ஆண்டு ஜனவரி 30 அன்று அந்த ஆட்சியையே கலைத்தார்கள் என்பது வேறு.

படை போனது சரியே. அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. இருந்தவரையில் கொன்றது போதும்; இருந்திருந்தால் இன்னும் கொன்றிருக்கும். ஆனால் படை போகிற நாளில் தில்லி கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றிருந்தது: ‘ஒப்பந்தத்தில் தமிழருக்கு எழுதியதெல்லாம் சட்டமாகிவிட்டதா? காவல் அதிகாரம் மாகாணத்துக்குக் கொடுத்தாயிற்றா? நில அதிகாரம் கொடுத்தாயிற்றா?’ இந்தக் கேள்விக்கு விடை பெறாமல் கப்பலேறியதுதான் குற்றம். மூட்டை கட்டினார்கள், முகாமைக் கழற்றினார்கள், கொடியை இறக்கினார்கள். பத்திரத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

முழுப் பத்திரத்தையும் மறந்தார்களா? அங்கேதான் சூட்சுமம்.

மூன்று மாதம் ஆகவில்லை. 1990 ஜூனில் புலிகள் கிழக்கில் சரணடைந்த போலீசாரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள், பிரேமதாசாவின் தேனிலவு முடிந்தது, மீண்டும் போர். மீண்டும் அகதிப் படகுகள், ஆயிரமாயிரமாகத் தமிழ்நாட்டுக் கரைக்கு. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் விரட்டியடித்தார்கள். தமிழ் பேசும் அந்த மக்களின் கண்ணீரும் நம் கணக்கில்தான் சேரவேண்டும். கோட்டைப்பட்டினத்திலும் அம்மாபட்டினத்திலும் இராவுத்தர், மரைக்காயர் குடும்பங்களோடு கூடிப் பிழைக்கும் நமக்கு அந்தக் கொடுமை இன்னும் சுடும்.

பிறகு 2006 அக்டோபர் 16. ஜனதா விமுக்தி பெரமுனையைச் சேர்ந்தவர்கள் தொடுத்த வழக்கில், வடக்கும் கிழக்கும் இணைந்தது செல்லாது என்று இலங்கை உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி. இரு தலைவர்களின் நாற்காலியை ஆட்டிய ஒப்பந்தத்தின் உயிர்நாடியான வரி, ஒரு பேனாக் கீறலில் போயிற்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். அதை எழுத நம் கையில் சொல்லில்லை. போர் முடிந்தபின் 2013-இல் வடமாகாண சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். 2018-இல் அதன் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு ஆண்டுகள் ஓடின, நாள் குறிக்கப்படவில்லை. காவல் அதிகாரமும் நில அதிகாரமும் 1987-இல் அவர்கள் அரசமைப்பிலேயே அச்சடித்த எழுத்துகள். அச்சிலேயே கிடக்கின்றன. வழக்குப் போட்ட அதே பெரமுனையின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். கேள்வியை அவரிடமும் வைக்கலாம். ஆனால் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தில்லியில் இருக்கிறார்.

சரி, அந்த எண்ணெய்த் தொட்டி?

பிரிட்டிஷார் கட்டிவைத்துப்போன சுமார் நூறு தொட்டிகள் திரிகோணமலைக் காட்டுக்குள் நிற்கின்றன. 2003-இல் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கம்பெனி உள்ளே நுழைந்தது. 2022 ஜனவரி 6 அன்று மீதித் தொட்டிகளுக்கும் குத்தகை எழுதியாயிற்று. ஒரு பங்கு இந்தியக் கம்பெனிக்கு, ஒரு பங்கு இலங்கைக்கு, பெரும்பங்கு இருவருக்கும் கூட்டாக. 1987 ஜூலையில் கடிதத்தில் எழுதிய வரி 34 ஆண்டு காத்திருந்து நிறைவேறிற்று. எத்தனை ஜனாதிபதிகள் மாறினார்கள், எத்தனை பிரதமர்கள் மாறினார்கள், இடையில் எவ்வளவு ரத்தம்! தொட்டிக்கு எழுதியது மாறவில்லை, மறக்கப்படவில்லை. தூதர்கள் மாறி மாறிப் போய்க் கேட்டார்கள், கேட்டு வாங்கினார்கள். செத்த சிப்பாய்களுக்குக் கொழும்புக்கருகே ஒரு நினைவுச்சின்னமும் எழுந்தது; அது வேண்டியதுதான், நாம் குறை சொல்லவில்லை. 1987-இல் அரசமைப்பில் அச்சடித்த காவல் அதிகாரத்துக்கும் நில அதிகாரத்துக்கும் அந்தத் தூதர்கள் அதே பிடிவாதத்தோடு போய் நின்றார்களா? ‘பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றுங்கள்’ என்று அறிக்கைதோறும் ஒரு வாக்கியம் வரும். அறிக்கை வாக்கியத்துக்கும் குத்தகைப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு, தினக்கூலிக்குப் போகிற எந்தத் தோழனுக்கும் தெரியும்.

குர்துகளும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். 2025 மே மாதம் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலையில் இராக்கின் சுலைமானியாப் பக்கம் அவர்களில் முப்பது பேர் தம் துப்பாக்கிகளைத் தீயிலிட்டார்கள். ஆயுதம் எரிந்தது நல்லது. எரிந்த துப்பாக்கிக்குப் பதிலாக எந்தச் சட்டம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மொழி என்று அந்தத் தாய்மார்கள் கேட்கிறார்கள். பலாலியில் ஆயுதம் ஒப்படைத்த நாளில் நம்மவர்கள் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதானே?

நாம் மணமேல்குடிக்கு வருவோம். கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை இந்தக் கரை நெடுகிலும், கடலுக்குப் போனவன் திரும்பும்வரை வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரிவதில்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகொன்று இலங்கைக் கடற்படைப் படகோடு மோதி மூழ்கி, நால்வர் மாண்டார்கள். தப்பியோடும்போது மோதியது என்றது கடற்படை. மோதி மூழ்கடித்தார்கள் என்றார்கள் நம் மீனவர்கள். மாண்ட நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமைச் சேர்ந்த ஈழ அகதி. எந்த நாட்டின் குண்டுக்குத் தப்பி வந்த குடும்பமோ, அதே நாட்டின் கடற்படைப் படகின் முன்னால் அவர் முடிவு வந்தது. அக்கரையில் யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன். நம் இழுவைமடி தன் வலையை அறுக்கிறது என்று அவன் அழுகிறான். அந்த அழுகைக்கும் நாம் காது கொடுக்கவேண்டும். வடக்குக்கென்று வாயுள்ள ஒரு மாகாண சபை இருந்தால், இரு கரை மீனவரும் உட்கார்ந்து பேச ஒரு திண்ணையாவது கிடைத்திருக்கும்.

அழியாநிலை! ஊருக்கு எவ்வளவு அழகான பெயர். அங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே பெயிண்ட் அடித்தும் கொத்து வேலை செய்தும் பிழைக்கிற இளைஞன், எந்த நாட்டுக் குடிமகன்? 2019-இல், குர்துகளை அமெரிக்கா கைவிட்ட அதே ஆண்டில், தில்லி குடியுரிமைத் திருத்தச் சட்டம் செய்தது. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்களில் முஸ்லிமல்லாதாருக்கு வழி திறந்தது. இலங்கை என்ற சொல் அதில் இல்லை. லோசானில் குர்து என்ற சொல் விடுபட்டதைப் போல! 2021-இல் நம் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடுகளும் கட்டத் தொடங்கியது. மாநில அரசின் கைக்கு எட்டியது அவ்வளவு. 2025 செப்டம்பரில் தில்லி ஓர் ஆணையிட்டது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லையென்று தண்டனை எடுக்கப்படாது. நல்லது, வழக்குப் பயம் போயிற்று. வாக்குரிமை? குடியுரிமை? அரசு வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு தகுதி?

அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில், விடை பெறாமல் கிளம்பிய அந்தக் கடைசிக் கப்பலுக்கும் ஒரு பங்குண்டு. ஒப்பந்தத்தின் 1987-ஆம் ஆண்டு எழுத்தைக் காட்டித் தொட்டியை வாங்கிய தில்லி, அதே ஆண்டின் எழுத்தைக் காட்டி அழியாநிலைக்காரனுக்கும் ஒரு விடை சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துத் தோழர்கள் மூன்று முகாம்களிலும் வீடு வீடாகச் சென்று, எந்த ஆண்டு வந்தார்கள், இங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை, எந்தத் தாள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று கணக்கெடுக்கட்டும். நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழும்போது அவர்கள் கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும். அறந்தாங்கியிலிருந்தே தொடங்கலாம்.